தருக்கப் பயிற்சியைத் தமிழில் தொடங்குவோம்

கடந்த சில ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாடெங்கும் க்ளாட் தேர்வு நடக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா தொடங்கி நம் திருச்சி வரை, இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர இந்தத் தேர்வுதான் வாசல். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழியும். இந்த 120 கேள்விகளில் 22 முதல் 26 வரை ‘லாஜிக்கல் ரீசனிங்’ எனப்படும் தருக்கப் பகுதியிலிருந்து வருகின்றன.

தாளில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது இந்தப் பகுதிதான். ‘ரீசனிங்’ என்றதும் வங்கித் தேர்வுப் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் வடக்கே 5 கிலோமீட்டர் நடந்து இடப்பக்கம் திரும்பினால் எந்தத் திசையில் நிற்பார், படத்தில் இருக்கும் பெண் அவருக்கு என்ன உறவு, வட்ட மேசையில் யாருக்கு அருகில் யார் என்ற வகைக் கேள்விகள். 2019 வரை க்ளாட் தாளிலும் இவற்றுக்கு நல்ல இடம் இருந்தது. 2020-ல் பாடத்திட்டம் அடியோடு மாறியது. சுமார் 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தி தரப்படுகிறது. அதில் யாரோ ஒருவர் எதையோ வாதிடுகிறார். அவருடைய முடிவு என்ன, அதற்கு அவர் காட்டும் காரணங்கள் எவை, சொல்லாமல் விட்ட எடுகோள் எது, எந்தப் புதுத் தகவல் வந்தால் அந்த வாதம் ஆட்டம் காணும் என்று கேள்விகள் கேட்கப்படுகின்றன.

இது புதிர் போடும் விளையாட்டு அல்ல, வாசிப்பு. அதுவும், எழுதியவரோடு மனத்துக்குள் வழக்காடிக்கொண்டே வாசிக்கும் வாசிப்பு. அப்படிப்பட்ட வாசிப்பைத் தாய்மொழியில் பழகாத மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் ஆங்கிலத்தில் திடீரென்று பழகிவிட முடியாது. சட்டம் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்குத் தருக்கப் பயிற்சி தமிழில்தான் தொடங்க வேண்டும். அதுவும் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

இந்தப் பகுதியில் கேட்கப்படுவது எத்தகைய கேள்வி என்பதைத் தமிழில் ஒரு மாதிரியை வைத்தே பார்க்கலாம். ஒரு நகரில் ஜனவரி மாதம் ஹெல்மெட் சோதனை கடுமையாக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆறு மாதங்களில், தலைக்காயத்தோடு அந்த ஊர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆறு மாதங்களைவிடப் பாதியாகக் குறைந்தது. ‘எனவே, ஹெல்மெட் சோதனைதான் தலைக்காயங்களைக் குறைத்தது’ என்று ஒரு அதிகாரி சொல்கிறார். இந்த வாதத்தை மிகவும் வலுவிழக்கச் செய்வது எது என்பது கேள்வி. நான்கு ஆப்ஷன்கள்:

அ) சோதனையில் பிடிபட்ட பலர் போலீசாரோடு வாக்குவாதம் செய்தார்கள்.

ஆ) ஹெல்மெட் அணிந்தால் தலைக்காயம் குறையும் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இ) பிப்ரவரியில் அதே நகரில் விபத்துச் சிகிச்சைக்கென்றே புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது, ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் அங்கேதான் செல்கின்றன.

ஈ) பக்கத்து நகரில் ஹெல்மெட் சோதனை அவ்வளவு கடுமையாக இல்லை.

முதலாவது, வாதத்தோடு தொடர்பே இல்லாதது. இரண்டாவது, வாதத்துக்கு ஆதரவானது. நான்காவது, தொடர்புடையது போலத் தோன்றும். ஆனால் பக்கத்து நகரில் தலைக்காயங்கள் கூடினவா குறைந்தனவா என்று அது சொல்லவே இல்லை. விடை மூன்றாவது. காயம்பட்டவர்கள் குறையாமலே இருந்திருக்கலாம், அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மாறியிருக்கலாம். அதிகாரி எண்ணியது ஒரு மருத்துவமனையின் பதிவேட்டை. முடிவு சொன்னதோ நகரம் முழுமைக்கும். இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வியின் உயிர்.

விடையைப் பார்த்த பிறகு எளிதாகத் தெரிகிறது. தேர்வறையில் பல மாணவர்கள் இங்கே தயங்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. ஹெல்மெட் நல்லது என்பது அவர்கள் உறுதியாக நம்பும் விஷயம். மூன்றாவது ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் ஹெல்மெட்டுக்கு எதிராகப் பேசுவது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த ஆப்ஷன் ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தச் சான்று இந்த முடிவுக்குப் போதாது என்று மட்டுமே சொல்கிறது. ஒரு முடிவு சரியாக இருப்பது வேறு, அதற்குக் காட்டப்படும் காரணம் சரியாக இருப்பது வேறு. தான் நம்பும் முடிவுக்கே யாராவது மோசமான காரணம் சொன்னால், ‘இது மோசமான காரணம்’ என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை வேண்டும். வழக்கறிஞராகப் போகிறவருக்கு முதலில் வர வேண்டிய பண்பு அது.

அந்தப் பண்பு நீதிமன்றத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு ஒரு பாடம். அவரே ஒரு வழக்கறிஞர். 1996-ல் அவருடைய முதல் குழந்தை திடீரென இறந்தது. 1998-ல் இரண்டாவது குழந்தையும் இறந்தது. தாயே கொன்றார் என்று வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சியாக வந்த புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ராய் மெடோ ஒரு கணக்குச் சொன்னார். வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் குழந்தை ஒன்று காரணம் தெரியாமல் இப்படித் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று. ஆகவே இரண்டு குழந்தைகள் அப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று. 1999 நவம்பரில் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெருக்கலில் பிழை இல்லை. பிழை, பெருக்கியதில் இருந்தது. ஒரு சம்பவம் இன்னொன்றோடு எவ்வகையிலும் தொடர்பில்லாதது என்றால் மட்டுமே இப்படிப் பெருக்கலாம். ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு என்று இருக்கும்போது, முதல் குழந்தையைப் பறித்த அறியாத காரணம் இரண்டாவதையும் பறிக்க வாய்ப்பு உண்டே? இது அந்த வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட எடுகோள். அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது அரிது என்பதாலேயே அது கொலை என்று ஆகிவிடாது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிதுதான். இரண்டு அரிய விளக்கங்களில் எது கூடுதல் பொருத்தம் என்றுதான் பார்த்திருக்க வேண்டும். ஒன்றின் அரிதான தன்மையை மட்டும் காட்டி மற்றொன்றை நிரூபித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

2001-ல் அந்நாட்டின் ராயல் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கு தவறு என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. அரசுத் தரப்பின் நோய்க்கூறு மருத்துவர் வெளியிடாமல் வைத்திருந்த ஆய்வகச் சோதனை முடிவுகளும் பின்னர் வெளிவந்தன. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. சாலி கிளார்க் 2007-ல் இறந்துபோனார். அந்த வழக்கில் நீதிபதி, ஜூரிகள், இரு தரப்பு வழக்கறிஞர்கள் என்று அத்தனை பேர் அமர்ந்திருந்தும், 2000-ல் முதல் மேல்முறையீடும் தோற்றது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. க்ளாட் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும் ‘இந்த வாதத்தின் எடுகோள் எது?’ என்ற கேள்விதான் அங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

நம் உச்ச நீதிமன்றம் இந்தப் பாடத்தை 1984-லேயே எழுதி வைத்திருக்கிறது. நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியங்களை மட்டும் வைத்துத் தண்டிக்க வேண்டுமானால் என்னென்ன நிறைவேற வேண்டும் என்று சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் ஐந்து நெறிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவரே செய்தார் என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது என்று அதற்கு முன்பே 1973-ல் சிவாஜி சாகேப்ராவ் போபடே வழக்கிலும் அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஹெல்மெட் கேள்வியில் புதிய மருத்துவமனையைக் கண்டுபிடிக்கும் மாணவர் செய்வது இதைத்தான். அவர் வேறொரு விளக்கத்தைத் தேடுகிறார்.

இத்தனை பொருள் பொதிந்த ஒரு பயிற்சி, கோச்சிங் சென்டர்களில் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? வாரத்துக்கு இத்தனை மாக் டெஸ்ட், நாளுக்கு இத்தனை பேசேஜ் என்று எண்ணிக்கையில் ஓடுகிறது. ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’ போன்ற அழுத்தமான சொற்கள் உள்ள ஆப்ஷனைக் கண்டாலே நீக்கிவிடு, மிக நீளமான ஆப்ஷனை முதலில் பார் என்று குறுக்குவழிகள் சொல்லித் தரப்படுகின்றன. இவற்றால் சில மதிப்பெண்கள் கூடலாம். ஆனால், பத்தியில் இருக்கும் முடிவே ‘எல்லாம்’ என்று அழுத்தமாகச் சொல்லப்பட்டிருந்தால், அதைத் தாங்கும் எடுகோளும் அழுத்தமாகத்தான் இருக்கும். அங்கே குறுக்குவழி மாணவரை நேராகப் பள்ளத்தில் தள்ளும்.

பலன் தரும் பயிற்சி மெதுவானது. ஒரு பத்தியைப் படித்தவுடன் கேள்விகளுக்குத் தாவாமல், ‘இவர் என்ன சொல்ல வருகிறார்?’ என்பதை ஒரே வாக்கியத்தில் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பார்க்க வேண்டும். முடிவு எப்போதும் கடைசி வரியில் இருக்காது. ‘எனவே’, ‘ஆகையால்’ என்ற சொற்களோடும் வராது. பல கட்டுரையாளர்கள் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டு, மீதிப் பத்தி முழுக்கக் காரணங்களை அடுக்குவார்கள். எதிர்த்தரப்பின் கருத்தை நாலு வரி எழுதி, ‘ஆனால்’ என்று திரும்புவார்கள். அந்த நாலு வரியை ஆசிரியரின் கருத்தாகவே எடுத்துக்கொண்டு விடையைத் தவற விடுகிறவர்கள் ஏராளம். முடிவு கைக்கு வந்த பிறகு, ‘ஏன்?’ என்று கேட்டுக் காரணங்களைப் பிரிக்க வேண்டும். காரணத்திலிருந்து முடிவுக்குத் தாவும்போது இடையில் எதை நம்பச் சொல்கிறார் என்று தேட வேண்டும்.

தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டு ஒன்று போடுவது நல்ல பழக்கம். சரியான விடை எது என்று குறித்துக்கொள்வதோடு அது நின்றுவிடக் கூடாது. தவறான ஆப்ஷன் முதலில் ஏன் சரியாகத் தோன்றியது என்றும் எழுத வேண்டும். பத்தியில் இல்லாததைப் பொது அறிவிலிருந்து சேர்த்துக்கொண்டேனா, ‘சிலர்’ என்றிருந்ததை ‘பலர்’ என்று படித்தேனா, நிபந்தனையைத் திருப்பிப் போட்டேனா? ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது அந்த நோட்டில்தான் தெரியும்.

நிபந்தனையைத் திருப்பிப் போடுவது பலரையும் வீழ்த்தும் பிழை என்பதால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘75 சதவீத வருகைப்பதிவு இருந்தால்தான் தேர்வு எழுதலாம்’ என்பது விதி. ஒரு மாணவி, ‘என் வருகைப்பதிவு 82 சதவீதம், ஆகவே நான் தேர்வு எழுதுவேன்’ என்கிறாள். விதி அப்படிச் சொல்லவில்லை. வருகைப்பதிவு இல்லாமல் எழுத முடியாது என்று சொன்னதே தவிர, அது இருந்தாலே போதும் என்று சொல்லவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்திருக்க வேண்டும். கட்டாயம் வேண்டியது ஒன்று, அது மட்டுமே போதுமானது இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பள்ளி விதியில் வைத்துச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சட்டென்று பிடிபடுகிறது. அதையே ஆங்கிலத்தில், அயல்நாட்டு வரிக் கொள்கை பற்றிய 450 சொல் பத்தியில் வைத்துக் கேட்டால் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி. மேசையில் தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை எண், ஓர் ஒற்றைப்படை எண். விதி உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றைப்படை எண்ணையும் என்பதே விடை. படித்தவர்களிலும் மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள். 1982-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் என்ற இருவர் அதே கணக்கை உடை மாற்றிக் கேட்டார்கள். ஒருவர் பீர் குடித்தால் அவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. நான்கு பேரில் யார் யாரைச் சோதிக்க வேண்டும்? பீர் குடிப்பவரையும் வயது குறைந்தவரையும் என்று பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தருக்கம் ஒன்றேதான், மாறியது அது நிகழும் இடம் மட்டுமே. பழகிய வாழ்க்கைக்குள் வைத்துக் கேட்டால் மனிதர்கள் நன்றாகவே சிந்திக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் பழகிய வாழ்க்கை தமிழில் இருக்கிறது. பயிற்சியை அங்கே தொடங்கிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போவதுதான் இயல்பான வழி. ஆங்கிலத்தையும் தருக்கத்தையும் ஒரே நாளில் ஒரே பத்தியில் கற்கச் சொல்லும்போது, மாணவர் எதில் தவறினார் என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. சொல் புரியாமல் தவறினாரா, வாதம் பிடிபடாமல் தவறினாரா? ‘எனக்கு ரீசனிங் வராது’ என்று கிராமத்துப் பிள்ளைகள் தங்களைப் பற்றி எடுக்கும் முடிவு, பல நேரங்களில் தவறான சான்றிலிருந்து எடுத்த முடிவு.

பயிற்சியால் இது வளரும் என்பதில் ஐயம் வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள், அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கு மூன்று மாதம் படித்த மாணவர்களின் மூளையைப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டு 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிந்தனைக்குத் துணைசெய்யும் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் மாற்றம் தெரிந்தது. பிறவியிலேயே வந்தால்தான் உண்டு என்று ஒதுக்கிவிடக் கூடிய திறமை அன்று இது.

தமிழுக்கு இது புதுச் சரக்கும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாவது காதையில், காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தைப் பாடமாகவே நடத்துகிறார். நிறுவ வேண்டிய முடிவு பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் புகை எழுவதைக் கண்டு அங்கே நெருப்பு இருக்கிறது என்று அறிவதற்கு அடுக்களை எடுத்துக்காட்டு. இதோடு நில்லாமல், போலியான காரணங்களையும் போலியான எடுத்துக்காட்டுகளையும் வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார் காப்பியத்தை இயற்றிய சாத்தனார். தருக்க நூலாக இந்தப் பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. துறவு பூண்டு அறம் கேட்கும் ஓர் இளம்பெண்ணுக்கு முதலில் கற்பிக்கப்படுவது வாதத்தைச் சோதிக்கும் முறை என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது நியாயமான வாதமும்கூட. அரசமைப்புச் சட்டத்தின் 348-வது கூறின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். உயர் நீதிமன்றங்களிலும் பெரும்பாலும் அப்படியே. தீர்ப்புகளும் பாடநூல்களும் ஆங்கிலத்தில் இருக்கும்போது, ஆங்கிலம் தெரியாமல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அதைச் சோதிக்கத்தான் க்ளாட் தாளில் ஆங்கிலத்துக்கென்றே 22 முதல் 26 கேள்விகள் தனியாக இருக்கின்றனவே. தருக்கப் பகுதியும் ஆங்கிலத்தையே மறுபடி அளந்தால், ஒரே குறைக்கு ஒரு மாணவர் இரண்டு முறை மதிப்பெண் இழக்கிறார். அவரிடம் இருக்கும் தருக்கத் திறனோ ஒரு முறைகூட அளக்கப்படாமல் போகிறது.

தேர்வு எதை அளக்க வேண்டுமோ அதை மட்டும் அளக்க வேண்டும் என்ற கொள்கைக்கு எல்சாட்டே நல்ல முன்னுதாரணம். 1948 முதல் நடந்துவரும் அந்தத் தேர்வில் ‘லாஜிக் கேம்ஸ்’ என்று மாணவர்கள் அழைத்த பகுதி ஒன்று பல பத்தாண்டுகளாக இருந்தது. யார் எந்த நாற்காலியில், எந்த நாளில் யார் பேச்சு என்று வரிசைப்படுத்தும் கணக்குகள். படம் வரைந்து போட்டால்தான் வேகமாக விடை வரும். பார்வையற்ற தேர்வர் ஒருவர் 2011-ல் வழக்குத் தொடுத்தார். படம் வரைய முடியாத தன்னிடம் அந்தப் பகுதி சோதிப்பது தருக்கத்தை அல்ல, பார்வையை என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2019-ல் சமரசம் ஏற்பட்டு, அந்தப் பகுதியை மாற்றி அமைப்பதாகத் தேர்வு நடத்தும் அமைப்பு ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் வாதங்களை ஆராயும் லாஜிக்கல் ரீசனிங் பகுதி இன்னொன்று சேர்க்கப்பட்டது. ஒருவர் கேட்ட நியாயத்துக்காக, அத்தனை பழைய தேர்வு தன்னை மாற்றிக்கொண்டது.

இங்கும் அத்தகைய கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. க்ளாட் தேர்வை மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று கோரி 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. இந்திய பார் கவுன்சில் அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. பல மொழிகளில் இத்தகைய தாளைத் தயாரிப்பது எளிதல்ல. ஒரு சொல் பிசகினாலும் எடுகோள் மாறிவிடும். ஆங்கிலத் தாளிலேயே விடைக்குறிப்புகள் தவறாகி, 2024 டிசம்பர் தேர்வின் சர்ச்சை டெல்லி உயர் நீதிமன்றத்தையும் பிறகு உச்ச நீதிமன்றத்தையும் எட்டியதைப் பார்த்தோம். ஆனாலும் நீட் தேர்வைத் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் நடத்தும் நாட்டில், சட்டத்துக்கு மட்டும் அது ஆகாது என்பதை ஏற்க முடியாது.

அந்த மாற்றம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதால், க்ளாட் நமக்குரியதல்ல என்ற எண்ணம் பல ஊர்களில் இருக்கிறது. திருச்சி நவலூர்குட்டப்பட்டில் நம் வரிப்பணத்தில் நடக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையவும் க்ளாட்தான் வழி என்பது அங்கே எட்டுவதில்லை. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 3,500 ரூபாய் என்ற நிலை இருந்திருக்கிறது. கோச்சிங் கட்டணம் இதற்கு மேல். ஏழைப் பிள்ளைகளையும் இந்தக் கல்லூரிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ‘இடியா’ அமைப்பு, அவர் 2019-ல் மறைந்த பிறகும் மாணவர்களைத் தேடிப் பயிற்சி அளித்து வருகிறது. ஒரு தன்னார்வ அமைப்பு எத்தனை பேரைத் தொட முடியும்?

ஒரு மாநில அரசால் எல்லாரையும் தொட முடியும். அதற்குப் புதிய பாடம்கூட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு முதல் தமிழ்ப் பாடவேளையில் வாரம் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் போதும். நாளிதழின் தலையங்கமோ நடுப்பக்கக் கட்டுரையோ ஒன்றைக் கொடுத்து, அதன் முடிவு என்ன, காரணங்கள் எவை, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பேச வைக்கலாம். பட்டிமன்றம் நடத்துகிற பள்ளிகள், அதே மாணவரை மறுவாரம் எதிரணியில் பேச வைக்கலாம். கட்டுரைத் தேர்வில் கருத்துகளை அடுக்குவதற்கு மதிப்பெண் தருவது போல, எதிர்க்கருத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லி அதற்குப் பதில் தருவதற்கும் மதிப்பெண் தரலாம். பதினொன்றாம் வகுப்பில் அதே பயிற்சியை ஆங்கிலப் பத்திகளுக்குக் கொண்டுபோகலாம். சட்டம் படிக்கப் போகாத பிள்ளைக்கும் இதனால் நட்டமில்லை. கடன் செயலியின் விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தையும் சந்தேகத்தோடு படிக்க அது கற்றுத் தரும்.

தமிழ்நாடு பாடநூல் கழகம் தருக்கப் பயிற்சிக்குத் தமிழில் ஒரு கையேட்டை வெளியிட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களின் க்ளாட் விண்ணப்பக் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும். தேர்வைத் தமிழிலும் நடத்தக் கோரும் குரலைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் தமிழ்நாடு முறையாகப் பதிவு செய்ய வேண்டும். இவற்றுக்காகக் காத்திருக்காமல், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் இன்றைக்கே ஒன்று செய்யலாம்: இந்தக் கட்டுரையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இதன் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.